பென் கின்

சலவைக்கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. கீழே பெரிய இயந்திரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் அறையின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. நாற்காலிகளில் பொருத்திய எழுதுபலகைகள் லேசாக அதிர்ந்தன. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "குட் ஈவினிங்" என்றேன். ஏழு பேரும் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்கள்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

முதல் வரிசையில் இருந்தவரிடம் பெயர் கேட்டேன். அறுபது வயதிருக்கும். கடைத்தெருவில் பூட்டு பழுது பார்த்து சாவி செதுக்குகிறவர். அவர் பெயரைச் சொல்லவில்லை. நோட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார். பிழை இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் அந்த நாட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. என் மனைவி இறந்து பதினொரு மாதம். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். அக்கா அந்த நாட்டில் நர்ஸ். அவள்தான் என்னை வரச் சொன்னாள். சொன்னாள் என்பது மரியாதைக்கு. டிக்கெட்டை அனுப்பிவிட்டு, "விமான நிலையத்துல நிக்கிறேன், வந்து சேரு" என்றாள்.

பள்ளியை நடத்தும் மேடம் தமிழர். முப்பது வருடமாக அங்கே இருக்கிறார். அக்காவின் வார்டில் நோயாளியாகப் படுத்திருந்து, எழுந்து போகும்போது சிநேகிதியானவர். முதல் நாளே நின்றபடி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. உங்களுக்கு முன்னாடி இருந்த வாத்தியார் பாதியில கெளம்பிட்டாரு. பத்தொன்பது பேரு ஏழாயிட்டாங்க. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கு அனுமதி குடுக்குற அதிகாரி வந்து உக்காந்து கேப்பாங்க. ஆளுங்க வாயத் திறந்து பேசினா வகுப்பு இருக்கும், நீங்களும் இருப்பீங்க. பேசலைன்னா வகுப்பும் இல்ல, உங்க விசாவும் இல்ல."

"சரி மேடம்."

"என்ன சரி? பயமா இல்லையா உங்களுக்கு?"

"இல்ல மேடம்."

அது உண்மை. தங்கினாலும் ஒன்றுதான், திரும்பினாலும் ஒன்றுதான் என்று இருந்தேன்.

அவர்கள் ஏன் பேசவில்லை என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. பஸ் டிரைவர் ஒருவர் கடைசி வரிசையில் உட்காருவார். அவருடைய பழைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. பழைய வாத்தியார் நல்ல ஆங்கிலக்காரர். யாராவது வாயைத் திறந்தால் நிறுத்தி, பிழையைச் சொல்லி, பலகையில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவாராம். பலகையைத் துடைத்த பிறகும் அந்தக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. டிரைவருக்கு நேரே பதினான்கு.

அவர்களுக்கு ஆங்கிலம் தேவையில்லாமல் இல்லை. ஊருக்கு வெளியாட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். டிரைவரிடம் வழி கேட்டார்கள். பூட்டுக்காரரிடம் பெட்டியைத் திறந்து தரச் சொன்னார்கள். நடு வரிசையில் இருந்த அக்கா தங்கை இருவரும் ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்கள். அவர்களிடம் என்னென்னவோ கேட்டார்கள். நால்வருக்கும் கேட்டது பாதி புரியும். பதில் சொல்லத்தான் வாய் வராது.

படம் காட்டினேன். பாட்டு போட்டேன். சைகை செய்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அக்கா விசாரணை நடத்துவாள்.

"இன்னிக்காவது பேசினாங்களாடா?"

"இல்ல."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தர் இருமினார்."

அத்தான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். "இங்கிலீஷ்ல இருமினாரா, அவங்க பாஷையிலயா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அக்கா.

"நான் ஏன்டி சும்மா இருக்கணும்? அதான் வாத்தியாரும் சும்மா இருக்கான், படிக்கிறவங்களும் சும்மா இருக்காங்க. ஊமைக்கும் ஊமைக்கும் கல்யாணம், மேளக்காரன் மட்டும் எதுக்குன்னானாம். மாப்ள, நீ ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுறேன்னு உங்க அக்கா எண்ணுறா, தெரியுமா? நேத்து பதினாறு."

"பதினெட்டு," என்றாள் அக்கா. பிறகு எழுந்து ரசம் எடுக்கப் போனாள். ரசம் மேஜையில்தான் இருந்தது.

நான் திரும்பிப் போய் ஊரில் அந்த வீட்டில் தனியாக இருப்பதைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. வருகைப் பதிவேட்டில் எழுதும்போது என் பேனா தீர்ந்துவிட்டது. நிமிராமலே ஆங்கிலத்தில் கேட்டேன்: "யாராவது ஒரு பென் கின் வைத்திருக்கிறீர்களா?"

அறை வழக்கம்போல் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது.

"பென் தெரியும். கின் என்ன?"

அக்கா தங்கையில் மூத்தவர். இரண்டு வாரத்தில் அந்த அறையில் எழுந்த முதல் கேள்வி. அவர்கள் பேசிய ஆங்கிலத்தை இங்கே ஓட்டை உடைசலோடு தமிழில் தருகிறேன்.

அதற்குள்தான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே புரிந்தது. பேனா கீனா என்பதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன். மறுத்திருக்கலாம். அதை வேறு யோசித்து மறுக்க எனக்குத் தெம்பில்லை.

"பென் என்றால் பேனா. பென் கின் என்றால் பேனா, இல்லாவிட்டால் பென்சில், அதுவும் இல்லாவிட்டால் எழுதுகிற எதுவானாலும் சரி."

அவர் சற்று யோசித்தார். தன் காலடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"பேக்... கீக்?"

"ஆமாம்."

"பையும், அது மாதிரி மற்றதும்?"

"அதேதான்."

அவர் தங்கையிடம் திரும்பி அவர்கள் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னார். பேச்சு பின் வரிசைக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வந்தது. பூட்டுக்காரர் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

"டேபிள், கீபிள்," என்றார்.

"சரி."

"விண்டோ, கிண்டோ."

"சரி."

"சார், சின்ன ஓசைக்குச் சின்ன கி. நீள ஓசைக்கு நீள கீ."

குறிலும் நெடிலும். பிறந்ததிலிருந்து கேட்டுவரும் மொழி. அதில் அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. பூட்டுக்காரர் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டார்.

கடைசி வரிசையில் டிரைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். பலகையில் இன்னும் மங்கலாகத் தெரிந்த தன் பதினான்கு கோடுகளை ஒருமுறை பார்த்தார்.

"நான் ஓட்டுவது," என்றார், "பஸ் கிஸ்."

கிஸ் என்றால் முத்தம் என்று ஏழு பேருக்கும் தெரியும். எல்லா ஊரிலும் முதலில் தெரிவது அந்தச் சொல்தான். மூத்தவர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"அந்த பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும்?"

டிரைவரின் காது நுனிவரை சிவந்துவிட்டது. அறை வெடித்தது. கீழே சலவைக்கடையிலிருந்து யாரோ மேல் தளத்தைக் கம்பால் தட்டினார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பூட்டுக்காரர் கையைத் தூக்கினார். முகத்தில் கவலை.

"சார், என் கடையில் இருப்பது கீ. கீக்கு என்ன?"

சாவி கீவி என்று சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது ஆங்கிலச் சாவி.

"கீ கீ," என்றேன்.

"கோழிக்குஞ்சா?" என்றார் டிரைவர்.

பூட்டுக்காரரும் சிரித்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. உலகத்தில் எல்லாத் தொழிலுக்கும் துணை உண்டு, என் தொழிலுக்கு மட்டும் இல்லையா என்று வகுப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் ஆங்கிலத்திலேயே கேட்டார். ஐந்து விதமாகக் கேட்டார்.

அன்று பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். சிரித்ததில் தாடை வலித்தது. கடைத்தெரு தாண்டும்போதுதான் அது உறைத்தது: பேனா கீனா என் பேச்சு இல்லை. நான் பிறந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அது என் மனைவியுடையது. சட்டை கிட்டை, கடை கிடை, பஸ் கிஸ். "உனக்கு எந்தப் பொருளையும் தனியா விடவே மனசு வராதா?" என்று கேலி செய்வேன். கடைசி வாரத்திலும் அப்படித்தான் சொன்னாள்: "காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல, போய் வேலையப் பாருங்க." நான்கு நாளில் முடிந்தது.

பதினொரு மாதமாக அவள் குரலை நினைவுக்குக் கொண்டுவர முயன்று தோற்றிருந்தேன். அது என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. நடைபாதையில் நின்றேன். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து விலகிப் போனார். பிறகு வீட்டுக்குப் போய், பஸ் கிஸ் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அத்தானுக்குப் புரையேறியது. அக்கா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எண்ணிக்கை சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வகுப்பில் என் குரல் எடுபடவில்லை. சொல் தெரியாவிட்டால் நின்றுபோனவர்கள் இப்போது பக்கத்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கீ போட்டுத் தாண்டிவிட்டார்கள். மூத்தவர் ஹோட்டலில் ஒரு விருந்தாளியிடம் "டவல் கிவல்?" என்று கேட்டாராம். அவர் ஆமாம் என்று, துண்டோடு சீப்பும் ஷாம்பூவும் கேட்டாராம். இதைச் சொல்ல மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் ஒரு பிழையும் திருத்தவில்லை. பதினொரு பிழை இருந்தது. எட்டை அவரே போகப்போகத் திருத்திக்கொண்டார்.

இளையவர் மட்டும் இன்னும் பேசவில்லை. தன் அக்கா பேசும்போது உதடு அசையும்.

வெள்ளிக்கிழமை மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி நடக்குது உள்ள? பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கேன், சோப்பு கீப்பு, டவல் கிவல்னு ஒரே சத்தம். எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். இங்கிலீஷ் சொல்லிக்குடுங்கன்னா இவங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்குறீங்க!"

"பேசுறாங்க மேடம்."

"பேசுறாங்க. எந்த பாஷை? அடுத்த வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்து உக்காருவாங்க. பேனாவ மூடி வைக்காத ஆளு. தப்பு கிப்பு ஏதாவது ரிப்போர்ட்ல ஏறிச்சுன்னா நானே கடைய மூட வேண்டியதுதான். என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். தப்பு கிப்பு."

அவர் நின்றார். உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அது நான் தமிழ்ல சொன்னது!"

"ஆமா மேடம்."

"சிரிக்காதீங்க. திங்கக்கிழமையிலேருந்து இந்தக் கீ கீயெல்லாம் கூடாது. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை அதைச் சொன்னேன். இனி கி இல்லை, கீ இல்லை என்றேன். தலையாட்டினார்கள். நோட்டைத் திறந்தார்கள். எழுதிக்கொண்டார்கள். டிரைவர் ஒரு வாக்கியம் தொடங்கினார். பாதியில் ஒரு சொல் கிடைக்கவில்லை. பலகையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். சலவை இயந்திரத்தின் சத்தம் மறுபடி கேட்டது.

எனக்குக் கோபம் வந்தது. வந்ததும் ஆச்சரியமாக இருந்தது. கோபம் வந்து நாளாயிற்று. நேரே மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், இந்த வகுப்பு எனக்கு வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னது?"

"நான் இங்க இருக்கணும். அவங்க பேசணும். கீய எடுத்துட்டா பேச மாட்டாங்க. நொண்டுறவன் கையில இருக்குற கம்பப் புடுங்கிட்டு ஓடுன்னு சொன்ன மாதிரி இருக்கு. கம்பு இருக்கட்டும். நான் அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சுத் தரேன். வெள்ளிக்கிழமை அதைச் சொல்லுவாங்க."

"மூணு வாரமா சரி மேடம், இல்ல மேடம் தவிர ஒண்ணும் கேட்டதில்ல உங்க வாயில." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி தம்பி. ஆனா வெள்ளிக்கிழமை ஒரு கீ கூட என் காதுல விழக்கூடாது."

ஆர் சம்திங் லைக் தட். அல்லது அது மாதிரி ஏதாவது: அதுதான் நான் வைத்த பெயர். பென் ஆர் சம்திங் லைக் தட். நான்கு நாள் அதையே உருப்போட்டோம். பூட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"ஓர் எழுத்தில் முடிகிற வேலைக்கு நாலு சொல் எதற்கு?"

"ஆங்கிலத்தில் அப்படித்தான்."

"பணக்காரர்கள்," என்றார்.

ஆனால் ஒரு லாபமும் இருந்தது. அவருடைய சாவிக்கும் இப்போது வழி பிறந்துவிட்டது. கீ ஆர் சம்திங் லைக் தட். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தான் பார்த்துவிட்டு, "ஏய், மாப்ளைக்குப் பயம் வந்துடுச்சு!" என்று அக்காவைக் கூப்பிட்டார், ஏதோ நல்ல செய்தி போல.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள். கையில் படிவங்கள் செருகிய அட்டை. கடைசி வரிசையில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். மேடம் கதவருகே நின்றுகொண்டார்.

முதலில் டிரைவர். ஒரு வெளியூர்க் குடும்பம் தவறான பஸ்ஸில் ஏறிய கதை. இரண்டு இடத்தில் ஆர் சம்திங் லைக் தட். நன்றாகவே போனது. பூட்டுக்காரர் தன் தொழிலைப் பற்றி. கீ ஆர் சம்திங் லைக் தட் வந்த இடத்தில் குரலை உயர்த்திக்கொண்டார். மூத்தவர் துண்டும் சீப்பும். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு இளையவர் எழுந்தார். நான் அழைக்கவில்லை. அவர் அக்காவே திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஒரு விருந்தாளி மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டார் என்று தொடங்கினார். மெல்லிய குரல். கட்டிலில் தேடினேன். குளியலறையில் தேடினேன். அடுத்து இழுப்பறை. சொல் தெரியவில்லை. கையால் இழுத்துக் காட்டினார். வரவில்லை. நாங்கள் உருப்போட்ட நான்கு சொற்களும் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டன. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

"டேபிள் கீபிளில் தேடினேன்," என்றார்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது," என்று இளையவர் கதையை முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் பேனா நின்றிருந்தது.

"அது என்ன சொல்? டேபிளுக்குப் பிறகு சொன்னீர்களே?"

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் இளையவர் உட்காரவில்லை. நான்கு வாரம் உதட்டிலேயே நின்றது முழுவதும் வெளியே வந்தது.

"உங்களுக்குச் சொல் தெரியாது என்றால், அதன் பக்கத்து வீட்டுச் சொல்லைக் கூப்பிடுங்கள். அதன் பின்னால் கீ வரும். கீ வந்தால் தெருவே வரும். உங்கள் சொல்லும் அந்தத் தெருவில்தான் இருக்கும்."

"சின்ன ஓசைக்குச் சின்ன கி," என்றார் பூட்டுக்காரர், பொறுக்க முடியாமல்.

"குறுக்கே பேசாதீர்கள். நான்தான் சொல்கிறேன்," என்றார் இளையவர். "பென் கின். சோப் கீப்."

"பஸ்ஸுக்கு மட்டும் வேண்டாம்," என்றார் டிரைவர் அவசரமாக.

"ஏன்?" என்றார் அதிகாரி.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். ஆங்கிலத்தில். ஒருவர் விளக்கத்தை இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் அதை மறுத்து. அதிகாரியின் வாயோரம் கோணியது. அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இது ஆங்கிலமா?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்லை," என்றார் இளையவர். "ஆங்கிலம் வந்து சேரும்வரை." சற்று நின்று, முகம் மலர, "ஆர் சம்திங் லைக் தட்," என்று சேர்த்தார்.

அதிகாரி தன் கையிலிருந்ததைப் பார்த்தார். "அப்படியானால் இந்த ரிப்போர்ட்?"

"ரிப்போர்ட் கிப்போர்ட்!" என்றது வகுப்பு.

மேடத்தின் அறையில் அதிகாரி படிவத்தை முடித்துக் கொடுத்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடத்தில் ஆசிரியர் பேசியது மூன்று நிமிடம் என்று எழுதியிருந்தார். அவசரமாகக் கீழே படித்தேன். மற்றப் பள்ளிகளில் ஆசிரியர்தான் முப்பத்தேழு நிமிடம் பேசுகிறார் என்று அடுத்த வரி. எழுத்துத் தேர்வில் மட்டும் கி, கீ கூடாது. ஒரு வருட அனுமதி.

அதிகாரி போனதும் மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "என் உசுரு போயி வந்துச்சு தம்பி. சரி, கேட்டுக்குங்க. திங்கக்கிழமையிலேருந்து காலை வகுப்பும் உங்களுக்குத்தான். தீயணைப்பு நிலையத்துலேருந்து பன்னெண்டு பேரு கேட்டிருக்காங்க. முடியுமா?"

"முடியும் மேடம். இன்னிக்கே வரச்சொன்னாலும் சரி."

"அடேயப்பா," என்றார்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு பேரும் சீருடையில் வந்தார்கள். நாற்காலிகள் அவர்களுக்குச் சிறியவை. பூட்ஸ்களை வாசலில் வரிசையாக, கால் நுழைக்கத் தோதாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பலகையில் "நேற்று நான்" என்று எழுதி முடிப்பதற்குள் ஒருவர் தோளில் இருந்த கருவி அலறியது. பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். அரை நிமிடத்தில் படிக்கட்டு அதிர்ந்து அடங்கியது.

பன்னிரண்டு நோட்டுகள் திறந்தபடி கிடந்தன. ஒன்றில் "நேற்று" மட்டும் இருந்தது.

பாடம் முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. மேடம் எட்டிப் பார்த்து, "இனிமே எங்க வரப்போறாங்க, நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி," என்றார். இருக்கட்டும் என்றேன். ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் சிவப்பு வண்டி திரும்பி வந்தது. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். எண்ணினேன். படியேறி வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்து, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அறை முழுக்கத் தீய்ந்த பால் நாற்றம். எல்லோரிலும் பெரிய உடம்புக்காரர் சைகையால் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். கன்னத்தில் கைவைத்துத் தூங்கினார். திடுக்கிட்டு விழித்துக் கையை உதறினார்.

"சொல்லுங்கள்," என்றேன் ஆங்கிலத்தில். "நேற்று இல்லை. இன்று என்று தொடங்குங்கள்."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "இன்று," என்றார், "ஒரு பால்..."

மற்றப் பதினொரு பேரும் அவருக்கு உதவத் தொடங்கினார்கள்.